மெட்டில்லாத பலகையும் வில்லும்: பேஸ் கிட்டாரிலிருந்து செல்லோவுக்கு

பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் செல்லோ கற்க முற்படும்போது, இரண்டும் நான்கு தந்திகள் கொண்டு கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கருவிகள் என்பதால், பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. தடித்த தந்தியை அழுத்திப் பழகிய இடக்கை விரல்களும், பாட்டின் அடித்தளத்தைத் தனியே பிரித்துக் கேட்கும் காதும், தாளத்தில் வழுவாத நிதானமும் அவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஆயினும் செல்லோவின் ஒலி பிறக்கும் இடம் வலக்கையில் உள்ள வில்லாகவும், சுருதி பிறக்கும் இடம் மெட்டுகள் இல்லாத வெறும் விரற்பலகையாகவும் இருப்பதால், மீதிப் பாதி வழி அவருக்கு முற்றிலும் புதியதாகவே அமைகிறது. வயலினை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தன் கருவியாக வளர்த்துவந்த சென்னை, அந்த மீதிப் பாதியைக் கடப்பதற்கு ஏற்ற நகரங்களுள் ஒன்று.

சென்னையில் இவ்விரு கருவிகள்

மேற்கத்திய வில்லிசைக் கருவி ஒன்று தமிழ்நாட்டு இசையில் வேரூன்றிய வரலாறு, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதிலிருந்து சொல்லப்படுகிறது. அதன்பின் வயலின் கச்சேரி மேடையின் நிலையான பக்கவாத்தியமாயிற்று. வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலாவைப் பாலமுரளிகிருஷ்ணா கர்நாடக இசையில் வாசித்துக் காட்டினார். வயலின் குடும்பத்தில் அடுத்த அளவினதான செல்லோ மட்டும் மயிலாப்பூர் சபாக்களில் அரிதாகவே காணப்பட்டது. அக்கருவிக்கு இந்நகரில் நெடுங்காலம் சோறு போட்டவை திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களே.

பேஸ் கிட்டாரின் கதையும் அதே கூடங்களைச் சுற்றியே அமைகிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இக்கருவி, டபுள் பேஸ் என்னும் ஆளுயர வில்வாத்தியம் செய்துவந்த பணியை மின்சாரத்தின் துணையால் எளிதாக்கியது. மயிலாப்பூரில் தங்கி மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்ட இளையராஜா, தாமே கிட்டார் வாசிப்பவர் என்பதால், பேஸ் வரிசையைப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டாக நகரும் தனிக்குரலாக எழுதினார். அவருடைய குழுவில் சசிதரனும், பின்னாளில் ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் பலர் இன்று இந்நகரில் அக்கருவியைக் கையாளுகின்றனர்.

இவ்விரு ஓடைகளும் கர்நாடக இசையோடு சந்தித்த இடத்தையும் திரையிசைக் கலைஞர்களே அமைத்துத் தந்தனர். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், 1993-இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்னும் ஐரோப்பிய அமைப்பில் கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்த அக்குழுவில் செல்லோவுக்குப் பொறுப்பேற்றவர் வி.ஆர்.சேகர். கீர்த்தனையின் மெட்டு மேலே செல்ல, அதற்கு ஊன்றுகோலான கீழ்ஸ்வரங்களை அளிக்கும் செல்லோ அங்கே செய்த வேலை, இசைக்குழுவில் பேஸ் கிட்டார் செய்யும் வேலைக்கு மிக நெருங்கியது என்பதால், பேஸ் வாசிப்பவர் முதலில் செவிமடுக்க வேண்டிய குழு அதுவே எனலாம்.

மத்யமத்திலிருந்து பஞ்சமத்துக்கு

பேஸ் கிட்டாரின் தந்திகள், தடித்ததிலிருந்து மெலிந்தது வரை, இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. ஒரு தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால் அடுத்த தந்தி சுத்த மத்யமமாக ஒலிக்கும். செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ என்று அமைவதால், ஒன்றை ஸட்ஜமாகக் கொண்டால் அடுத்தது பஞ்சமமாகும். பேஸின் ஜி தந்தியும் செல்லோவின் ஜி தந்தியும் விநாடிக்கு ஏறத்தாழ 98 அதிர்வுகளுடன் ஒரே ஸ்வரத்தை ஒலிக்கின்றன என்பது இரண்டுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டும். அந்தச் சந்திப்புப் புள்ளிக்குக் கீழே பேஸ் 41 அதிர்வுகள் வரை இறங்குகிறது; செல்லோ 65 வரை மட்டுமே இறங்கி, மேற்புறம் 220 அதிர்வுகள் கொண்ட ஏ தந்திக்கும் அதற்கப்பாலும் ஏறிச்செல்கிறது.

இந்த ஒரு மாற்றம் இடக்கையின் வரைபடம் முழுவதையும் திருத்தி எழுதச் செய்கிறது. பேஸில் ஒரு ஸ்வரத்தின் மேல்ஸ்தாயி ஸ்வரம் இரண்டு தந்திகள் தள்ளி, இரண்டு மெட்டுகள் முன்னே இருக்கும். செல்லோவில் அது இரண்டு தந்திகள் தள்ளி, அதே தூரம் பின்னே இருக்கும். பேஸில் தீர சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் மேல்ஸட்ஜமும் மூன்று தந்திகளில் பரவிக்கிடக்க, செல்லோவில் அவை இரண்டே தந்திகளில் சமமாகப் பங்கிடப்படுகின்றன. டி தந்தியைத் திறந்தபடி வாசித்தால் ஸட்ஜமும், முதல் விரலில் சதுச்ருதி ரிஷபமும், மூன்றாம் விரலில் அந்தர காந்தாரமும், நான்காம் விரலில் சுத்த மத்யமமும் கிடைக்கும். ஏ தந்திக்கு மாறி அதே விரல்களை அதே இடங்களில் வைத்தால் ப, த, நி, ஸ என்று மேற்பாதி முழுவதும் வந்துவிடும். பூர்வாங்கம், உத்தராங்கம் என்று ராகத்தை இரு பாதிகளாகப் பிரித்துப் பார்க்கும் கர்நாடக இலக்கணம் இங்கே கையளவிலேயே நிற்கிறது.

இந்தச் சுருதி அமைப்பினால் மற்றொரு வசதியும் உண்டு. சென்னைப் பாடகர்கள் கட்டைக் கணக்கில் சொல்லும் சுருதிகளில், ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை என்பது டி, ஐந்து கட்டை என்பது ஜி ஆகும். ஆகவே ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று கட்டைகளிலும், பிருடையைத் தொடாமலேயே, அடுத்தடுத்த இரண்டு திறந்த தந்திகளில் ஸட்ஜமும் பஞ்சமமும் கிடைத்துவிடுகின்றன. ஆண் குரலுக்கு உகந்த முதலிரண்டும், பெண் குரலுக்குப் பொதுவான ஐந்து கட்டையும் இதில் அடங்கும்.

எனினும் கர்நாடக இசையின் முதற்பாடம் செல்லோவின் முதற்பாடத்தோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மாயாமாளவகௌளையில் தொடங்குகின்றன. அதன் சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே மூன்று அரைஸ்வரங்களின் தூரம் உள்ளது. செல்லோவில் கையின் இயல்பான விரிப்பில் முதல் விரலிலிருந்து நான்காம் விரல் வரை மொத்தமாகவே மூன்று அரைஸ்வரங்கள்தான் அடங்கும் என்பதால், சுட்டுவிரலைப் பின்னோக்கி நீட்டினால்தான் ரிஷபத்தை எட்டமுடியும். ஐரோப்பியப் பாடமுறையில் சில காலம் கழித்துக் கற்பிக்கப்படும் இந்த விரல்நீட்டம் கர்நாடக முறையில் முதல் நாளிலேயே தேவைப்படுவதால், முதலில் சங்கராபரணத்தில் கையை நிலைப்படுத்திக்கொண்டு பிறகு மாயாமாளவகௌளைக்கு வருவது செல்லோ பயில்பவருக்கு நல்லது.

மெட்டுகள் இல்லாத பலகை

பேஸ் கிட்டாரின் கழுத்தில் பதிக்கப்பட்ட உலோக மெட்டுகள் ஸ்வரத்தின் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. விரல் இரண்டு மெட்டுகளுக்கு இடையே எங்கே பட்டாலும் ஒரே ஸ்வரம்தான் ஒலிக்கும். செல்லோவில் அந்தத் தீர்ப்பைக் காதும் விரலும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வழங்கவேண்டும். பேஸின் தந்தி நீளம் பொதுவாக 86 சென்டிமீட்டரும் செல்லோவின் தந்தி நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டரும் என்பதால், கழுத்தின் மேற்பகுதியில் ஒரு முழுஸ்வரத்தின் தூரம் பேஸில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேலும், செல்லோவில் ஏழரை சென்டிமீட்டராகவும் அமைகிறது. அகலமாக விரிந்து பழகிய கை செல்லோவில் கொஞ்சம் சுருங்கவேண்டும். தொடக்கத்தில் பேஸ் வாசிப்பவரின் ஸ்வரங்கள் கூடுதலாகவே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்டுகளின் இடம் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கும் கணக்கில் அமைந்தது. தம்புராவின் ஒலியோடு இழைந்து பாடும்போது கிடைக்கும் ஸ்வரங்கள் அக்கணக்கிலிருந்து சிறிதளவு விலகுகின்றன. அரைஸ்வரத்தை நூறு கூறுகளாகப் பிரிக்கும் சென்ட் என்னும் அளவையில், பேஸின் மெட்டு தரும் அந்தர காந்தாரம் 400 சென்ட். ஸட்ஜத்தோடு பிசிறின்றி இணையும் காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட். இந்த 14 சென்ட் வேறுபாடு செல்லோவின் டி தந்தியில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியாகும்; அதாவது காதால் மட்டும் அல்லாமல் கண்ணாலும் காணக்கூடிய தூரம். மெட்டுகளோடு பழகியவர் தம் கையை நம்பி முதலில் வைக்கும் காந்தாரம் தம்புராவுடன் உரசுவதும், விரலைச் சிறிதளவு மேற்புறம் நகர்த்தியவுடன் கருவியின் உடல் முழுவதும் சேர்ந்து அதிர்வதும், சாதகத்தின் தொடக்க நாட்களிலேயே தெரியவரும்.

இங்கேதான் சென்னையின் இசைச்சூழல் பேஸ் கலைஞருக்குப் பெருந்துணையாகிறது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பாட்டு வகுப்புக்குப் போகும் சிறுபிள்ளைக்குக்கூட முதலில் கற்பிக்கப்படுவது சுருதியோடு சேர்ந்து நிற்பது என்பதால், சுருதிப்பெட்டி அல்லது மின்னணுத் தம்புராவை ஒலிக்கவிட்டு ஒரு ஸ்வரத்தை நீண்ட நேரம் நிறுத்தும் பயிற்சி இந்நகரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். செல்லோவை எடுப்பதற்கு முன்பே சில மாதங்கள் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொள்ளும் பேஸ் கலைஞர், விரற்பலகையில் தேடவேண்டிய இடங்களைக் குரலில் முன்கூட்டியே அறிந்துகொள்கிறார்.

கமகத்துக்கும் செல்லோ இடமளிக்கிறது. கர்நாடக வயலின் கலைஞர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வதால், இடக்கை எடையைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டுப் பலகை முழுவதும் வழுக்கிச் செல்கிறது. செல்லோ தன் அடியிலுள்ள உலோகக் கம்பியால் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கிடையே நிற்பதால், இடக்கைக்கு அதே விடுதலை இயல்பாகவே கிடைக்கிறது. நெதர்லாந்தில் பிறந்து ஹரிபிரசாத் சௌராசியாவிடம் இந்துஸ்தானி இசை பயின்ற சாஸ்கியா ராவ் டி ஹாஸ், தரையில் அமர்ந்து வாசிக்கும்படி சிறிதாக்கி, கூடுதலாக ஒரு வாசிப்புத் தந்தியும் உடனதிரும் தந்திகளும் சேர்த்து ஒரு செல்லோவை வடிவமைத்துக்கொண்டது, இந்திய இசைக்கு இக்கருவியை மேலும் நெருக்கமாக்கும் வழிகளுள் ஒன்று.

வில்லின் பாடம்

பேஸ் கலைஞரின் வலக்கை இரண்டு விரல்களை மாற்றிமாற்றித் தந்தியைச் சுண்டுகிறது. சுண்டிய கணத்தில் ஸ்வரம் பிறந்து, பின் தானே தேய்ந்து மறைகிறது. ஸ்வரத்தின் தொடக்கமும் முடிவும் மட்டுமே வாசிப்பவரின் ஆளுகையில் இருக்கும். வில்லில் இழுக்கும்போதோ, பிறப்பிலிருந்து இறுதிவரை ஸ்வரத்தின் ஒவ்வொரு கணமும் கையின் பொறுப்பாகிவிடுகிறது. ரோசின் என்னும் மரப்பிசின் பூசிய வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுத்துச் செல்கிறது. இழுவிசை மிகும்போது தந்தி நழுவிப் பழைய இடத்துக்குத் திரும்பி மீண்டும் பற்றப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய இந்தப் பற்றலும் நழுவலும் ஏ தந்தியில் விநாடிக்கு 220 முறையும், சி தந்தியில் ஏறத்தாழ 65 முறையும் நிகழ்கின்றன.

அந்தச் சுழற்சி சீராக நடைபெற, வில்லின் வேகம், தந்தியின்மீது கை இறக்கும் எடை, குதிரை எனப்படும் பாலத்திலிருந்து வில் தொடும் இடத்தின் தூரம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கவேண்டும். குதிரையை நெருங்கினால் வில் மெதுவாகவும் கனமாகவும் செல்லவேண்டும். விலகினால் வேகமாகவும் இலேசாகவும் செல்லவேண்டும். தடித்த சி தந்திக்குப் போதுமான பற்று இல்லாவிடில் ஸ்வரத்துக்கு முன் ஒரு கீச்சொலி எழும். பேஸில் முரட்டு ஒலிக்காக விரலை ஓங்கிச் சுண்டிய பழக்கம் வில்லுக்கு வந்தால் ஒலி நெரிந்துபோகும். கையின் எடை தோளிலிருந்து தளர்வாக இறங்கவேண்டும் என்பதால், மணிக்கட்டை இறுக்கி வாசித்த பேஸ் கலைஞர் முதலில் கற்கவேண்டியது கையைத் தளர்த்துவதே.

இப்பயிற்சியின் தொடக்கம் இடக்கையை முழுதும் விலக்கிவைத்து, திறந்த தந்திகளில் கார்வை கொடுப்பது. வில்லின் அடியிலிருந்து நுனிவரை ஒரே அளவான ஒலியில், நான்கு அட்சரங்களில் தொடங்கி எட்டு, பதினாறு என்று நீட்டிச் செல்லும் இச்சாதகம், பார்ப்பவருக்குச் சலிப்பூட்டுவதாகத் தோன்றினாலும், பிற்காலத்து ஒலியின் தரம் முழுவதும் இதிலேயே தீர்மானிக்கப்படுகிறது. இவ்விடத்தில் பேஸ் கலைஞருக்கு மட்டுமே உரிய இடர் ஒன்று உண்டு. தந்தியைச் சுண்டி வாசிப்பதும் செல்லோவில் ஏற்கப்பட்ட முறையே என்பதாலும், அது அவருக்கு முதல் நாளிலிருந்தே அழகாக வருவதாலும், வில்லின் கரகரப்பைக் கேட்கப் பொறுக்காமல் சுண்டுதலுக்கே திரும்பிவிட மனம் இழுக்கும்; அவ்வாறு திரும்பியவரின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

எழுதிய இசையைப் படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு கருவிகளுக்கும் ‘பேஸ் கிளெஃப்’ என்னும் ஒரே குறியீட்டில் இசை எழுதப்பட்டாலும், பேஸ் கிட்டார் தாளில் காண்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. செல்லோ எழுதியபடியே ஒலிக்கிறது. கோட்டுத்தொகுதியின் அடிக்கோட்டிலுள்ள ஜி, செல்லோவில் திறந்த ஜி தந்தியாக இருக்க, பேஸில் அது இ தந்தியின் மூன்றாம் மெட்டாகிறது. கண் பழகிய குறியீட்டுக்குக் கை புதிய இடத்தைத் தேடவேண்டியிருப்பதால், எழுத்தை நன்கு படிக்கத் தெரிந்தவர்களே இதில் அதிகமாகத் தடுமாறுகின்றனர்.

முன்னே சென்றவர்கள்

அமெரிக்க ஜாஸ் இசையில் டபுள் பேஸுக்கும் செல்லோவுக்கும் இடையே பயணம் செய்தவர்கள் பலர். சார்ல்ஸ் மிங்கஸும் ரான் கார்ட்டரும் சிறுவயதில் செல்லோ கற்றுப் பின்னர் டபுள் பேஸுக்கு மாறினர். எதிர்த்திசையில் சென்றவர்களுள் முதன்மையானவர் ஆஸ்கர் பெட்டிஃபோர்ட். 1949-இல் கை முறிந்த நிலையில் செல்லோவை எடுத்த அவர், அதன் தந்திகளை டபுள் பேஸைப் போலவே மத்யம இடைவெளியில், ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்த்துக்கொண்டார். பேஸ் கலைஞரான ரே பிரவுனும் 1960-இல் செல்லோவை முன்னிறுத்தி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இதற்கு நேர்மாறாக ரெட் மிட்செல் என்னும் பேஸ் கலைஞர், தம் டபுள் பேஸையே செல்லோவுக்கு ஒரு ஸ்தாயி கீழே பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்த்து வாசித்தார்.

பெட்டிஃபோர்டின் வழி கற்றதை அப்படியே பயன்படுத்திக்கொள்ள உதவும் குறுக்குவழி என்றாலும், செல்லோவுக்கென்றே எழுதப்பட்ட இசையை அது கைக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. பாக் தனிச்செல்லோவுக்கு இயற்றிய ஆறு தொகுப்புகளில் முதலாவது இதற்குத் தக்க சான்று. அதன் முன்னுரைப் பகுதியின் முதல் வட்டத்தில் வரும் ஜி, டி, ஏ ஆகிய மூன்றும் திறந்த தந்திகளாகவே ஒலிக்க, முதல் விரல் ஒன்று மட்டும் ஏ தந்தியில் பி ஸ்வரத்தைத் தொடுகிறது. பேஸ் கிட்டார் கலைஞர்கள் பலர் விரும்பி வாசிக்கும் இப்பகுதி, அவர்கள் கருவியில் விரலை அகட்டிப் பிடிக்கவேண்டியதாக இருக்க, செல்லோவில் கருவியே வாசித்துக் கொடுப்பதுபோல் எளிதாகிவிடுகிறது. பார்சிலோனாவின் பழைய கடை ஒன்றில் 1890-இல் இத்தொகுப்பின் பிரதியைக் கண்டெடுத்த செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ், 1936-க்கும் 1939-க்கும் இடையே ஆறையும் ஒலிப்பதிவு செய்த பிறகே இவை உலகெங்கும் பரவின.

சென்னை வீட்டில் செல்லோ

பேஸ் கிட்டார் தலைபேசியின் வழியே பிறர் காதில் விழாமல் ஒலிக்கும். செல்லோவுக்கு அந்த வசதி இல்லை. தியாகராய நகரின் அடுக்ககத்தில் இரவில் சாதகம் செய்பவர், குதிரைமீது மாட்டும் ரப்பர் அல்லது உலோக ஒலியடக்கியை வைத்துக்கொள்வது அண்டைவீட்டாரின் நல்லெண்ணத்தைக் காக்கும். மொசைக், பளிங்குத் தரைகளில் ஊன்றுகம்பியின் முனை வழுக்கும் என்பதால், நாற்காலிக் காலில் மாட்டும் பட்டையோ, தரையைப் பற்றும் தட்டையோ கட்டாயம் தேவை. கடற்கரையை ஒட்டிய அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளின் ஈரக்காற்றில் வில்லின் மயிர் தளர்கிறது, மரம் ஊதுகிறது. குளிரூட்டிய அறைக்கும் வெளி வெப்பத்துக்கும் மாறிமாறிக் கொண்டுசெல்லும்போது கருவியின் ஒட்டுகள் விட்டுப்போவதும் உண்டு. ஆகவே வாசித்து முடித்தவுடன் வில்லின் திருகைத் தளர்த்தி, ரோசின் தூளைத் துடைத்து, கருவியை உறையிலிட்டு நிழலில் வைப்பது அன்றாடக் கடமை. டபுள் பேஸுக்கான ரோசின் மிக மென்மையானது. அது செல்லோவில் ஒட்டிக்கொண்டு ஒலியைக் கெடுக்கும் என்பதால் செல்லோவுக்குரியதையே வாங்கவேண்டும்.

கற்பதற்கான வாயில்களும் இந்நகரில் இல்லாமல் இல்லை. அண்ணா சாலையில் 1842 முதல் தொடரும் மரபைக் கொண்ட மியூசி மியூசிக்கல், டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளுக்கான சென்னை மையமாக நெடுங்காலம் விளங்கிவருகிறது. அத்தேர்வு முறையில் செல்லோ செவ்வியல் வில்லிசைப் பிரிவிலும், பேஸ் கிட்டார் ராக் அண்ட் பாப் பிரிவிலும் இடம்பெறுவதால், பேஸில் முடித்த நிலை செல்லோவில் முடித்த நிலையாகாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஏ.ஆர்.ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மேற்கத்திய, இந்துஸ்தானி இசைகளுக்கு மற்றொரு களம். செல்லோ ஆசிரியர் உடனே அமையாதவர்கள், வில்லின் அடிப்படையை நல்லதொரு வயலின் ஆசிரியரிடம் தொடங்கலாம். வில்லைப் பிடிக்கும் கோணம் மாறுபடுமே தவிர, வேகம், எடை, தொடும் இடம் ஆகிய மூன்றின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே.

இவை அனைத்தையும் சேர்த்து நோக்கும்போது, பேஸ் கலைஞர் செல்லோவுக்கு வருவதற்குச் சில தெளிவான அறிவுரைகளைத் தரமுடியும். தந்திகளை மத்யம இடைவெளிக்கு மாற்றாமல் பஞ்சம இடைவெளியிலேயே கற்கவேண்டும். முதல் மாதங்களை வில்லுக்கும் திறந்த தந்திகளுக்கும் ஒதுக்கவேண்டும். சுருதியை இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துச் சரிசெய்வதைவிடத் தம்புராவைக் கேட்டுச் சரிசெய்யவேண்டும். பேஸ் கிட்டாரைக் கைவிடாமல் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பழகவேண்டும். கீழ்ஸ்தாயியில் நின்று பாடலைத் தாங்கும் கலையை ஏற்கெனவே அறிந்த ஒருவர் வில்லையும் சுருதியையும் வசப்படுத்திக்கொண்டால், கச்சேரி மேடையில் இன்றும் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும் கீழ்ஸ்தாயி வில்வாத்தியத்தின் இடத்தை நிரப்பக்கூடியவர்கள் இந்நகரத்தின் பேஸ் கலைஞர்களுள்ளிருந்தே வருவார்கள். சபாக்களும் இசைப்பள்ளிகளும் அவர்களுக்குச் சிறு வாய்ப்புகளையேனும் அளிக்க முன்வரவேண்டும்.